அப்பா பார்க்காத ஸ்டிக்கர்

போன வருடம் பெரியப்பா மகன் ஒரு ரீகோன் காடி வாங்கினார். ஜப்பானில் ஓடி, கப்பலேறி, கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிய வெள்ளை ஹோண்டா சிவிக் டைப் ஆர். எஃப்டி2 என்று சொன்னால் காடிப் பைத்தியங்களுக்குத் தெரியும். இரண்டு லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது, ஆனாலும் 225 குதிரைத்திறன். வாங்கிய அன்று இரவே என்னை ஏற்றிக்கொண்டு எண்ணெய் போடப் போனார். பம்ப் முன்னால் நிறுத்திவிட்டு மஞ்சள் குழாயையும் பச்சைக் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, நீதானே இன்ஜினியரு. மஞ்சளா, பச்சையா? தொண்ணூத்தஞ்சு போட்டா எஞ்சின் போயிருமா?"

எண்ணெய் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் ஜப்பானிய எழுத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர். கைப்பேசியைக் காட்டினால் மொழிபெயர்த்துச் சொன்னது: ஈயமற்ற பிரீமியம் பெட்ரோல்.

"பச்சை" என்றேன். அண்ணன் முகம் கொஞ்சம் வாடியது. மஞ்சள் 95, அரசாங்கம் விலையைப் பிடித்து வைத்திருக்கிறது. பச்சை 97, சந்தை விலை. ஆனாலும் பச்சையைத்தான் ஊற்றினார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஸ்டிக்கரில் ஒரு சொல் என்னை விடவில்லை. 'பிரீமியம்' இல்லை, 'ஈயமற்ற'. ஜப்பானிய மொழியில் 'முஎன்' என்கிறார்கள். மு என்றால் இல்லை, என் என்றால் ஈயம். நம் ஊர் பம்ப்பிலும் 'தன்பா ப்ளும்பும்' என்று படித்திருக்கிறேன். ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று எழுதுவது வழக்கம். இல்லாத ஒன்றை எதற்கு எழுதுகிறோம்? முன்பு இருந்தது என்பதால்தான். அப்படியானால் யார் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள்?

இந்தக் கேள்விக்கும் அண்ணனின் மஞ்சளா பச்சையா கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த 95, 97 என்ற எண்ணில்.

*

நம்மில் பலர் 97 என்றால் 95ஐவிட 'பவர்' அதிகம் என்று நினைக்கிறோம். நானும் பல்கலைக்கழகத்துக்குப் போகும்வரை அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் ஒரு லிட்டருக்குள் இருக்கும் ஆற்றல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். பெட்ரோல் எஞ்சினுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே தள்ளி அமுக்குகிறது. டைப் ஆர் எஞ்சினில் 11.7 பங்கு இடத்தில் இருந்தது ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்கப்படுகிறது. பிறகு ஸ்பார்க் பிளக் தீப்பொறி விட வேண்டும், அதிலிருந்து நெருப்பு சீராகப் பரவ வேண்டும். ஆனால் நெருப்பு போய்ச் சேருவதற்கு முன்பே மூலையில் இருக்கும் கலவை சூடு தாங்காமல் தானாகவே வெடித்துவிட்டால்? அதைத்தான் நாக்கிங் என்கிறோம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஒன்று இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் அமுக்கம் கூடும். விரிவுரையாளர் சுற்றச் சுற்ற, மில்லோ டின்னுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் நீண்டநேரம் நீடித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

ஆக்டேன் எண் என்பது பலம் அல்ல, பொறுமை. நசுக்கும்போது எவ்வளவு தூரம் வெடிக்காமல் காத்திருக்கும் என்பதன் அளவு. அதிகமாக அமுக்கினால் அதே பெட்ரோலிலிருந்து அதிக வேலை வாங்கலாம். அதனால்தான் வேகக் காடிகள் எல்லாம் பொறுமையான பெட்ரோலைத் தேடுகின்றன. காடி வேகமாகப் போவது பெட்ரோலின் பலத்தால் அல்ல, பெட்ரோல் பொறுத்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் எஞ்சினை வடிவமைத்தவரின் துணிச்சலால்.

அந்தப் பொறுமையை எங்கிருந்து வாங்குவது என்பதுதான் கடந்த நூறாண்டின் கதை. கதையின் முதல் பக்கம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

*

ஹேரி ரிக்கார்டோ ஆங்கிலேய எஞ்சினியர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு எஞ்சின் வடிவமைத்தவர். எஞ்சின் தட்டுவதற்குக் காரணம் எஞ்சின் மட்டுமல்ல, பெட்ரோலும்தான் என்று சீக்கிரமே கண்டுகொண்டவர்களில் ஒருவர். ஷெல் நிறுவனம் கொடுத்த பல ஊர்ப் பெட்ரோல் மாதிரிகளைச் சோதித்தபோது ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கியது. அது போர்னியோவிலிருந்து வந்தது. அந்தப் பெட்ரோல் அடர்த்தி கூடுதல் என்பதால் அன்றைய தர அளவில் தேறவில்லை. விற்க முடியாமல் போர்னியோ காட்டிலேயே எரித்துக்கொண்டிருந்தார்கள் என்று ரிக்கார்டோ தன் நினைவுக்குறிப்புகளில் சொல்கிறார்.

அதில் இருந்த சரக்கு டொலுவீன். டிஎன்டி வெடிமருந்துக்கு மூலப்பொருளும் அதுதான். 1915இல் அந்த டொலுவீனுக்காக ரோட்டர்டாமில் இருந்த ஓர் ஆலையையே கழற்றிக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்தின் போர்ட்டிஸ்ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் ரிக்கார்டோ, அமுக்கத்தை மாற்றக்கூடிய ஒரு சோதனை எஞ்சினைச் செய்து, பெட்ரோல்களை டொலுவீனோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தினார்.

நான் இதைப் படித்தபோது முதலில் வந்தது பெருமை. நம்ம பக்கத்து எண்ணெய்! இரண்டாவது வந்தது வேறு மாதிரி உணர்ச்சி. பொறுமையான பெட்ரோல் இயற்கையாகவே பூமிக்குள் இருந்தது. அதைக் கலந்தும், சுத்திகரிப்பு முறையை மாற்றியும் எண்ணைக் கூட்ட வழி இருந்தது. ஆனால் உலகம் வேறு வழியில் போயிற்று.

*

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் என்று ஓர் ஊர். அங்கே சார்லஸ் கெட்டரிங்கின் கீழ் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞர் 1916இல் வேலைக்குச் சேர்ந்தார். படித்தது இயந்திரப் பொறியியல். ரசாயனத்தைப் போகப்போகத்தான் கற்றுக்கொண்டார். நாக்கிங்கை நிறுத்த எதைப் பெட்ரோலில் கலக்கலாம் என்று தேடினார்கள். சிவப்பு நிறம் வெப்பத்தை உள்வாங்கும் என்ற தவறான ஊகத்தில் அயோடின் கலந்தார்கள், தட்டல் நின்றது. நிறத்துக்கு அதில் சம்பந்தமில்லை, அயோடினுக்குத்தான் சம்பந்தம் என்று பிறகுதான் தெரிந்தது. பிறகு அனிலின். பிறகு டெல்லுரியம். அது நன்றாக வேலை செய்தது, ஆனால் தொட்டவர்கள் மேல் பூண்டு நாற்றம் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது.

1921 டிசம்பர் 9ஆம் தேதி டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் போட்டுப் பார்த்தார்கள். எஞ்சின் அமைதியானது. ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒரு தேக்கரண்டிகூட வேண்டாம்.

ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் குறையும் என்பது மிட்ஜ்லிக்குத் தெரியும். அதே ஆண்டு அக்டோபரில் ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் டேட்டனிலிருந்து இண்டியானாபொலிஸ்வரை காடி ஓட்டிப் போனவர் அவர். ஆனால் ஆல்கஹால் நிறைய வேண்டும், யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். ஈயம் துளி போதும், காப்புரிமையும் வாங்கலாம். ஒரு எஞ்சினியராக எனக்கு முதல் காரணம் புரிகிறது. இரண்டாவது காரணத்தைப் புரிந்துகொள்ள எஞ்சினியராக இருக்க வேண்டியதில்லை.

1923 பிப்ரவரியில் டேட்டனில் முதல் விற்பனை. பெயர் 'எத்தில்'. ஈயம் என்ற சொல்லைப் பெயரில் வைக்கவில்லை. அதே ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த காடிகளும் எத்தில் போட்டு ஓடியவை. இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? பந்தயக் காடியில் வென்றது நம் காடிக்கும் நல்லது என்று நம்பும் பழக்கம் அன்றே இருந்தது.

மிட்ஜ்லிக்கு அந்த வருடத் தொடக்கத்திலேயே ஈய நஞ்சு ஏறியிருந்தது. உடம்பு தேற ஃபுளோரிடாவுக்குப் போய் ஓய்வெடுத்தார்.

1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் ஈயச் சேர்மம் தயாரித்த தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராகப் புத்தி பேதலித்து விழுந்தார்கள். இல்லாததைக் கண்டு அலறினார்கள், கட்டிப்போட வேண்டியிருந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தொழிலாளர்கள் வைத்த பெயர் 'பைத்தியக்கார வாயு'. பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. மிட்ஜ்லி நிருபர்களைக் கூட்டி, அவர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கையைக் கழுவிக் காட்டினார், மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்தினேன்.

*

என் அப்பா இருபத்தைந்து வருடம் மோட்டார் பெங்கேலில் வேலை பார்த்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில், பதினாறு வயதில் சேர்ந்தார். சின்ன வயதில் நான் பெங்கேலுக்குப் போனால் வேலை முடிந்து அவர் கை கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பழைய பால்மாவு டின்னில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, துணியை நனைத்து, முழங்கைவரை தேய்ப்பார். கிரீஸ் போய்விடும். பிறகு சோப்பு. பிறகுதான் என் தலையைத் தடவுவார். அந்த வாசனைதான் எனக்கு அப்பா வாசனை.

அன்று இரவு அவரிடம் கேட்டேன்.

"ப்பா, பெட்ரோல்ல கை கழுவுவீங்கதானே, எப்போலேருந்து?"

"சேர்ந்த நாள்லேருந்து. தவுக்கே சொல்லிக் குடுத்ததே அப்படித்தான். பின்ன கிரீஸ் வேற எதுல போகும்?"

"கார்புரேட்டர் பைப்ப வாயில வெச்சி உறிஞ்சுவீங்களே?"

"எல்லாரும் செய்யறதுதான். என்னாடா இப்ப?"

"அப்ப பெட்ரோல்ல ஈயம் இருந்துச்சிப்பா."

அவர் சற்று யோசித்தார். "யாரும் சொல்லலையே" என்றார்.

1925 மே மாதம் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு மாநாடு கூட்டினார். தொழிற்சாலை நோய்களைப் பற்றி அன்றைக்கு அதிகம் தெரிந்தவர்களில் ஒருவரான ஆலிஸ் ஹேமில்டன் அங்கே ஈயத்தை எதிர்த்துப் பேசினார். ஆலைக்குள் எச்சரிக்கையாக இருக்கலாம், தெருவில் பரவும் புகையை என்ன செய்வீர்கள் என்பதுதான் எதிர்த்தவர்களின் கேள்வி. 1926 ஜனவரியில் குழு அறிக்கை வந்தது. தடை செய்யப் போதிய காரணம் இல்லை, ஆனால் தொடர்ந்து ஆராய வேண்டும் என்றது. விற்பனை மறுபடி தொடங்கியது. தொடர்ந்து ஆராயும் வேலை பெரும்பாலும் ஈயம் விற்றவர்களின் பணத்தில்தான் பல பத்தாண்டுகள் நடந்தது.

ஒன்று மட்டும் செய்தார்கள். அமெரிக்க பம்ப்புகளில் ஒரு தகடு ஒட்டினார்கள். இதில் ஈயம் உள்ளது, எஞ்சினுக்கு மட்டும் பயன்படுத்தவும், சுத்தம் செய்யப் பயன்படுத்தக்கூடாது என்ற பொருளில். பழைய பம்ப் சேகரிப்பவர்கள் இன்றும் அந்தத் தகடுகளை விலைக்கு வாங்குகிறார்கள்.

சுத்தம் செய்யப் பயன்படுத்தக்கூடாது. எழுதப்பட்டிருக்கிறது. அப்பா பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதியாகிவிட்டது. அது அவருடைய பெங்கேல்வரை வரவில்லை, அவ்வளவுதான்.

*

ஆக்டேன் அளவுகோல் பிறந்ததும் அந்த 1926ஐ ஒட்டித்தான். கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் இரண்டு தூய திரவங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று ஹெப்டேன், உடனே தட்டும். கலிஃபோர்னியாவில் வளரும் ஒருவகைப் பைன் மரத்தின் பிசினிலிருந்து ஏறக்குறைய தூய்மையாகவே அது கிடைத்தது. அதற்குப் பூச்சியம். மற்றது ஐசோஆக்டேன், அன்றைய எந்தப் பெட்ரோலையும்விடப் பொறுமையானது. அதற்கு 100. ஒரு பெட்ரோல், 95 பங்கு ஐசோஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போலத் தட்டினால் அது 95. எட்கர் வேலை செய்தது எத்தில் நிறுவனத்தில். அளவுகோலைச் செய்தவர்களும் சரக்கை விற்றவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அதற்காக அளவுகோல் பொய் என்று நான் சொல்லவில்லை, அது நேர்மையானது. ஆனால் அது அளப்பது எஞ்சினின் பாதுகாப்பை மட்டும்தான். மனிதனுக்கான எண் எதுவும் அதில் இல்லை.

எண் ஏறிக்கொண்டே போயிற்று. 1940இல் பிரிட்டிஷ் போர் விமானங்கள் 100 ஆக்டேனில் பறந்தன. அறுபதுகளில் அமெரிக்க வேகக் காடிகளின் காலம். 1967இல் ஷெவர்லே கோர்வெட் எல்88 வந்தது. ஏழு லிட்டர் எஞ்சின், அமுக்க விகிதம் 12.5:1. மூன்று ஆண்டுகளில் மொத்தம் 216 காடிகள்தான் செய்தார்கள். உள்ளே ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர்: குறைந்தது 103 ஆக்டேன் போடவும், இல்லையென்றால் எஞ்சின் கெட்டுவிடும்.

216 பேருக்குச் சொல்ல ஒரு ஸ்டிக்கர் அடித்தார்கள். எஞ்சினுக்கு ஆபத்து என்றால் எவ்வளவு கவனமாகச் சொல்கிறோம்!

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1965இல், பூமியின் வயதைக் கணித்த கிளேர் பேட்டர்சன், நம் உடம்பில் இருக்கும் ஈயம் இயற்கையானதல்ல என்று எழுதியிருந்தார். 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, ஈயம் அதிகமிருந்த பிள்ளைகள் அறிவுச் சோதனையிலும் வகுப்புக் கவனத்திலும் பின்தங்கியதைக் காட்டினார். ஆனால் அமெரிக்காவில் ஈயத்துக்கு முதல் பெரிய அடி கொடுத்தது பிள்ளைகளின் பல் இல்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்ற கருவி. ஈயம் பட்டால் அந்தக் கருவி செத்துவிடும். அதற்குத் தயாராக ஜெனரல் மோட்டார்ஸ் 1971ஆம் ஆண்டுக் காடிகளின் அமுக்கத்தையே குறைத்து, 91 ஆக்டேனில் ஓடும்படி மாற்றியது. எல்88 மாதிரி காடிகளின் காலம் முடிந்தது. ஈயத்தை அறிமுகப்படுத்திய நிறுவனமே அதை வெளியே அனுப்பியது, அதுவும் ஒரு கருவியைக் காப்பாற்ற.

ஜப்பானில் 1970இல் டோக்கியோவின் ஒரு நெரிசலான சந்திப்பில் வசித்தவர்களின் இரத்தத்தில் ஈயம் என்ற செய்தி பெரிய கலவரமானது. 1975இல் ரெகுலர் பெட்ரோல் ஈயமற்றதாகிவிட்டது. மலேசியாவில் ஈயத்துக்கான சட்டம் 1985இல் வந்தது. ஈயமற்ற பெட்ரோல் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. சிங்கப்பூர் 1998 ஜூலையில் முழுதாக நிறுத்தியது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல். டேட்டனில் கண்டுபிடித்துச் சரியாக நூறு ஆண்டுகள்.

*

ஈயம் இல்லாமல் வேகம் வராது என்று சொன்னவர்களுக்கு எனக்குப் பிடித்த பதில் 1988இல் இருக்கிறது. மெக்லாரன் எம்பி4/4. செனாவும் புரோஸ்ட்டும் அதில் 16 பந்தயங்களில் 15ஐ வென்றார்கள். விதிப்படி பெட்ரோல் 102 ஆக்டேனைத் தாண்டக்கூடாது. ஹோண்டா எஞ்சினியர்கள் போட்ட கலவை 84 சதவீதம் டொலுவீன், 16 சதவீதம் ஹெப்டேன். டொலுவீன் தனியாக இருந்தால் எண் 102ஐத் தாண்டிவிடும். அதைக் கீழே இறக்கத்தான், எட்கரின் அளவுகோலில் பூச்சியமாக இருந்த ஹெப்டேன்.

போர்னியோ காட்டில் எரிக்கப்பட்ட சரக்கு எழுபது வருடம் கழித்து உலகத்தின் வேகமான காடிக்குள் திரும்பி வந்தது. டொலுவீனும் குடிக்கிற பொருள் இல்லை, அதன் புகையும் நல்லதில்லை. ஆனாலும் வேறு வழியே இல்லை என்று நூறு வருடம் நம்மிடம் சொன்னார்களே, அது உண்மையில்லை.

இப்போது அண்ணனின் கேள்வி. எண்ணெய் மூடியையும் கையேட்டையும் பாருங்கள். 95 என்று எழுதியிருந்தால் 97ஓ 100ஓ போடுவதில் பெரிய பயன் இல்லை. கேட்காத பொறுமைக்குக் காசு கொடுக்கிறீர்கள். ஜப்பானிய காடியில் பிரீமியம் என்றிருந்தால், அவர்களுடைய தர அளவில் அது குறைந்தது 96, ஆகவே நமக்கு 97. அமெரிக்கக் கையேட்டில் 91 என்றிருந்தால் பயப்பட வேண்டாம், அவர்கள் கணக்கு வேறு, நம் 95க்கு அருகில்தான் வரும். ஒருநாள் அவசரத்துக்கு 95 போட்டால் எஞ்சின் போய்விடாது. இன்றைய எஞ்சினில் தட்டலைக் கேட்கும் ஒரு சென்சார் உண்டு, சத்தம் கேட்டதும் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். கொஞ்சம் வேகம் குறையும், கொஞ்சம் எண்ணெய் அதிகம் குடிக்கும். ஆனால் நம் ஊர் வெயிலில், செப்பாங் டிராக்கில் மிதித்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் சென்சாரை நம்பி 95 போடாதீர்கள்.

அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். இரண்டு வருடமாக வலது கை கொஞ்சம் நடுங்குகிறது. டாக்டர் வயது என்கிறார். அதுவாகவே இருக்கலாம். காரணம் இதுதான் என்று சொல்ல என்னிடம் எந்த அளவுகோலும் இல்லை.

போன வாரம் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா டைப் ஆரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எண்ணெய் மூடியைத் திறக்கச் சொல்லி, அந்த ஸ்டிக்கரில் எங்கே 'ஈயம்' என்று இருக்கிறது எனக் கேட்டார். இரண்டாவது எழுத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவ்ளோ சின்னதாவா எழுதுவாங்க" என்றார்.